மார்ஃபின் மாத்திரையா, ஃபென்டனில் பேட்சா, டிரமடாலா? வீட்டில் புற்றுநோய் வலி இருப்பவர்கள் படிக்க

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, இடுப்பும் முதுகும் ராத்திரி பகல் பார்க்காமல் வலிக்க ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாயின. டாக்டர் எழுதிக் கொடுத்தது மார்ஃபின் மாத்திரை. சீட்டைப் பார்த்ததுமே மாமா, "மாப்ள, இது கடைசிக் கட்டத்துல குடுக்கறது. இத ஆரம்பிச்சா அத்தான் எந்திரிக்கவே மாட்டார்" என்றார். பெங்களூரிலிருந்து அக்கா போனில், "இப்பல்லாம் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டறது வந்திருச்சுடா, மூணு நாளைக்கு ஒண்ணு, மாத்திரைத் தொல்லையே கிடையாது, அதைக் கேளு" என்றாள். அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம். மூன்று மாதமாகக் கொடுத்துக்கொண்டிருந்த டிரமடாலையே இன்னொன்று கூட்டிக் கொடுத்தால் ஆச்சு, அது சாதாரண வலி மாத்திரைதானே என்பது அம்மாவின் கட்சி.

இந்தப் பஞ்சாயத்தில் ஒன்பது நாள் போனது. ஒன்பது நாளும் வலி அப்பாவுக்குத்தான்.

அதற்கப்புறம் நிறையப் படித்தேன். ஒரு வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு தன்னார்வலனாகக் கொஞ்ச காலம் சுற்றினேன். போகிற வீடுகளில் எல்லாம் இதே மூன்று கட்சிகள், ஆட்கள்தான் வேறு. நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை, டாக்டர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்து உட்காருவதற்காக எழுதுகிறேன். என் கணக்கில் நம் வீடுகளில் பயம் வரிசை மாறி நிற்கிறது. பேர் கேட்டாலே நடுங்குகிற மார்ஃபின்தான் மூன்றிலும் கையாளச் சுலபமானது, "வெறும் ஸ்டிக்கர்" என்று நினைக்கிற பேட்சுக்குள் இருக்கும் ஃபென்டனில்தான் மூன்றிலும் வீரியமானது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூன்றும் ஒரே குடும்பம்தான், ஓபியாய்டு என்று பேர். மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் ஒரே பூட்டில் போய் உட்காருகிற சாவிகள் இவை. மார்ஃபின் அபினிலிருந்து வருவது, அதாவது குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் காயில் கீறினால் வடியும் பாலிலிருந்து. 1800-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் செர்ட்டர்னர் என்ற மருந்தாளர் அதைப் பிரித்தெடுத்துவிட்டார். இன்றைக்கும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விவசாயிகள் அந்தச் செடியைப் பயிர் செய்கிறார்கள், நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. டிரமடாலும் ஃபென்டனிலும் செடி கொடியோடு சம்பந்தமே இல்லாமல் ஆய்வகத்தில் உண்டாக்கப்பட்டவை. டிரமடால் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்தது, ஃபென்டனில் 1960 வாக்கில் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் என்பவரின் குழு கண்டுபிடித்தது. அறுவைச் சிகிச்சை மயக்கத்துக்கு அது இன்றும் தினமும் பயன்படுகிறது, உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் நடந்திருந்தால் பெரும்பாலும் அது உடம்பில் ஏறியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான்.

இப்போது வீரியம். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும். வாய்வழி டிரமடால், மார்ஃபினில் சுமார் பத்தில் ஒரு பங்கு வலுவுள்ளது. அதைக் கூட்டிக் கூட்டி ஒரு நாளைக்கு உச்சவரம்பான 400 மில்லிகிராம் வரைக்கும் போனால், அது கிட்டத்தட்ட 40 மில்லிகிராம் மார்ஃபின், அதாவது 10 மில்லிகிராம் மாத்திரை நாலு. மார்ஃபின் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மார்ஃபின் அளவுக்கு வந்துவிட்டோம்! ஃபென்டனில் எதிர்த்திசை. மார்ஃபினைப் போல 50-லிருந்து 100 மடங்கு வீரியம். பேட்சின் மேல் 25 என்று போட்டிருக்கும், பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் அது ஒரு மணி நேரத்துக்கு 25 மைக்ரோகிராம். 24 மணி நேரத்துக்கு 600 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டும். அதை நூறு மடங்கால் பெருக்கினால் 60 மில்லிகிராம் மார்ஃபின். நாலு மணிக்கொரு தரம் 10 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு ஆறு முறை. வயதானவர்களுக்கு டாக்டர்கள் மார்ஃபினை 5-லோ சில சமயம் 2.5-லோதான் ஆரம்பிக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இதுவரை இந்த வகை மருந்தே எடுத்துப் பழகாத ஒரு எழுபது வயதுக்காரர் தோளில் நேராக 25 பேட்சை ஒட்டுவது என்பது, ஆரம்ப அளவைப் போல இரண்டு மடங்கோ நாலு மடங்கோ ஒரேயடியாகக் கொடுப்பது. பேட்ச் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே, இது ஏற்கெனவே ஓபியாய்டு மருந்து பழகியவர்களுக்கு மட்டும் என்று எச்சரிக்கை போட்டிருக்கும். அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்களே, அந்த ஃபென்டனில்தானா இது என்று அக்காவே பின்னால் கேட்டாள். மூலக்கூறு அதுதான், நிலைமை வேறு. 2022-ல் அங்கே அளவு மிஞ்சிய போதைமருந்தால் இறந்தவர்கள் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல், அதில் 70,000-க்கு மேற்பட்ட சாவுகளில் ஃபென்டனில் மாதிரியான செயற்கை ஓபியாய்டுகள் இருந்தன. அது பெரும்பாலும் கள்ளத்தனமாகத் தயாரித்த தூள், வேறு மாத்திரை மாதிரி அச்சடித்து விற்பது. பாடகர் பிரின்ஸ் 2016-ல் இறந்தது அப்படித்தான், அவர் சாதாரண வலி மாத்திரை என்று நம்பி விழுங்கியது ஃபென்டனில் கலந்த போலி என்று விசாரணையில் தெரிந்தது. இரண்டு மில்லிகிராம், தூள் உப்பில் சில மணிகள், அது போதும் பழகாத ஒருவரைக் கொல்ல. அவ்வளவு சின்ன அளவைக் கள்ளப் பட்டறையில் மாவோடு சீராகக் கலக்க முடியாது, ஒரு மாத்திரையில் ஒன்றும் இருக்காது, பக்கத்து மாத்திரையில் சாவு இருக்கும். மருந்து நிறுவனத்தின் பேட்சில் இந்தக் குழப்பம் இல்லை, அளவு துல்லியமாக இருக்கும், மெதுவாக இறங்கும். ஆனால் மூச்சை எப்படி நிறுத்துமோ அந்த வழிமுறை ஒன்றேதான். இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் "மூச்சு இழு" என்று சொல்லும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது, இந்த மருந்துகள் அளவு மீறினால் அந்த இடத்தைத் தூங்கவைத்துவிடும். ஆள் மூச்சுத் திணறமாட்டார், கை காலை உதறமாட்டார், நன்றாகத் தூங்குகிற மாதிரியே இருந்துவிட்டுப் போய்விடுவார். பயம் அதில்தான்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம். டிரமடாலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் சில நாள், அல்லது நடுத்தர வலிக்குக் கொஞ்ச காலம் என்றால் நல்ல மருந்து. எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு கூரை இருக்கிறது. 400 மில்லிகிராமைத் தாண்டினால் வலி குறைவதைவிட வலிப்பு வரும் வாய்ப்புதான் கூடும். ஏற்கெனவே வலிப்பு நோய் இருப்பவர்களுக்கு அதற்கு முன்னாலேயே ஆபத்து. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்றவை சாப்பிடுகிறவர்களுக்கு, இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிஞ்சி, நடுக்கம், வியர்வை, பதற்றம் எல்லாம் வரலாம். புற்றுநோய் வார்டில் மன அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ஆனால் இரண்டு சீட்டையும் ஒரே டாக்டர் பார்ப்பதில்லை, நாம்தான் காட்ட வேண்டும். இன்னொன்று, டிரமடால் முழுதாக வேலை செய்யக் கல்லீரலில் ஒரு நொதி அதை வேறொன்றாக மாற்றவேண்டும். அந்த நொதி சிலருக்கு மந்தம், சிலருக்கு மிக வேகம். அதனால் ஒரே மாத்திரை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, நமக்குக் கேட்கவில்லை என்பது மனப்பிரமை இல்லை. சாதாரண மாத்திரை என்ற எண்ணம் மட்டும் போகவேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதன் தங்கை மாதிரி வந்த டேபென்டடாலைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு சென்னையிலும் கோவையிலும் பையன்கள் சிக்குவதை வாரம் தவறாமல் பேப்பரில் படிக்கிறோம், "வலி நிவாரண மாத்திரைகள் பறிமுதல்" என்று வருமே, அதுதான்.

அப்பாவுக்கு மூன்றாம் மாதமே அந்தக் கூரை இடித்துவிட்டது. வலி பத்துக்கு எட்டு, மாத்திரை ஏற்கெனவே உச்சத்தில். அந்த நிலையில் டிரமடாலைத் தொடர்வது பாதுகாப்பு மாதிரித் தெரியும், உண்மையில் வலியும் தீராமல் வலிப்பு அபாயத்தையும் கட்டிக்கொள்வதுதான்.

மார்ஃபின். மாமா சொன்னது மாதிரி "ஆரம்பிச்சா எந்திரிக்க மாட்டார்" என்பது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் புரிகிறது. கடைசி வாரத்தில் மட்டும் கொடுத்துப் பழக்கினார்கள், கொடுத்த ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், பழி மருந்தின் மேல் விழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதையும் இருக்கிறது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கெடுபிடியாக இருந்ததால், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ள வெவ்வேறு இலாகாக்களில் நாலைந்து உரிமம் வாங்கவேண்டியிருந்தது, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். நம் மருத்துவர்களில் ஒரு தலைமுறையே மார்ஃபின் மாத்திரையைக் கையால் தொடாமல் படித்து வந்தது. 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சேவையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இருபது வருடம் போராடி, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரிக்கப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. இன்றைக்கும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. அங்கீகாரம் உள்ள மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குத்தான் போகவேண்டும்.

மார்ஃபினின் பெரிய பலம் அதன் மாத்திரை சீக்கிரம் வந்து சீக்கிரம் போவது. சாதாரண 10 மில்லிகிராம் மாத்திரை அரை மணியில் வேலையைத் தொடங்கி, ஒரு மணியில் உச்சம் தொட்டு, நாலு மணியில் இறங்கிவிடும். அதனால்தான் நாலு மணிக்கொரு தரம். ராத்திரி படுக்கப்போகும்போது இரட்டை அளவு எழுதிக்கொடுப்பார்கள், நடுராத்திரி எழுப்பாமல் இருக்க. தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன், அக்கா சொன்ன அந்த மாத்திரைத் தொல்லை. ஆனால் இந்தத் தொல்லையில்தான் பாதுகாப்பு இருக்கிறது. அளவு கூடிவிட்டால் முதலில் தூக்கம் கூடும், ஆள் பேச்சு நடுவே கண் சொருகுவார், அப்புறம்தான் மூச்சுக்குப் போகும். அந்த இடைவெளியில் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்தால் நாலைந்து மணியில் இறங்கிவிடும். அளவு போதவில்லை என்றாலும் இதே மாதிரி மறுநாளே கூட்டலாம். வலி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இதைவிட வளைந்துகொடுக்கும் மருந்து இல்லை. மேல்வரம்பும் கிடையாது, படிப்படியாகப் போனால் எவ்வளவு தேவையோ அவ்வளவு. அளவு நிலைப்பட்டதும் 12 மணி நேரத்துக்கு ஒரு தரம் போடும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம். அதை மட்டும் உடைத்தோ பொடித்தோ கொடுக்கக்கூடாது, 12 மணி நேரத்து மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

குறை என்ன? மலச்சிக்கல். இது வரலாம் என்பதில்லை, வரும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் முதல் நாலைந்து நாளில் உடம்பு பழகிவிடும், மலச்சிக்கலுக்கு மட்டும் உடம்பு பழகவே பழகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்து எழுதாத டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். அப்பாவுக்கு முதல் வாரம் யாரும் சொல்லவில்லை, ஆறு நாள் போகாமல் வயிறு கல் மாதிரி ஆகி, அந்த வேதனையில் மாமா சொன்னதே சரி என்று நாங்கள் மறுபடி நிறுத்தப் பார்த்தோம். இரண்டாவது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவுப் பொருள் வெளியேறாமல் தேங்கும். தூக்கம், குழப்பம், கை கால் வெடுக் வெடுக்கென்று துடிப்பது என்று காட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்க்காமல் மார்ஃபின் ஆரம்பிக்கக்கூடாது.

போதைக்கு அடிமையாகிவிடுவாரா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். புற்றுநோய் வலிக்கு, டாக்டர் கண்காணிப்பில், நேரப்படி சாப்பிடுகிறவர்கள் மருந்தைத் தேடி அலைகிறவர்களாக மாறுவது அபூர்வம். உடம்பு பழகுவது வேறு, அது எல்லாருக்கும் நடக்கும். அதனால் சட்டென்று நிறுத்தினால் வியர்த்து, வயிற்றோட்டம் வந்து, உடம்பு முறுக்கும், குறைக்கும்போது படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

இப்போது அக்காவின் கட்சி. பேட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்வைக்கு இதைவிடச் சாதுவான பொருள் கிடையாது. மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி, தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம். ஃபென்டனில் கொழுப்பில் கரைகிற மருந்து, அதனால்தான் தோலைத் தாண்டி உள்ளே போகிறது. பேட்சிலிருந்து இறங்கும் மருந்து முதலில் தோலுக்கு அடியில் ஒரு குளம் மாதிரி தேங்கி, அங்கிருந்துதான் இரத்தத்துக்குப் போகும். இந்தக் குளம்தான் எல்லா நல்லதுக்கும் கெட்டதுக்கும் காரணம். ஒட்டியதும் வலி போகாது, 12 மணியிலிருந்து 24 மணி நேரம் பிடிக்கும். அதுவரை மாத்திரை தொடரவேண்டும். அப்புறம் 72 மணி நேரம் சீராக ஓடும், இதுதான் அதன் அழகு, மாத்திரை நேரம் பார்த்து அலாரம் வைக்க வேண்டாம், ஆள் நிம்மதியாகத் தூங்குவார், மலச்சிக்கலும் மார்ஃபினைவிடக் குறைவு. ஆனால் அளவு கூடிவிட்டது என்று பிய்த்து எடுத்தாலும் குளம் வற்றாது. இரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாத்திரையில் நாலு மணியில் திருத்தக்கூடிய தப்பு, பேட்சில் ஒரு நாள் முழுக்கத் துரத்தும்.

நான் கூடப் போன ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். வாய்ப் புற்றுநோய் வந்த ஒரு பெரியம்மா, வெற்றிலை புகையிலை போட்டு வந்தது. வாய் இரண்டு விரல்கூடத் திறக்காது, மாத்திரை விழுங்கவே முடியாது. அவருக்குப் பேட்ச்தான் சரியான மருந்து, இரண்டு மாதமாக நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் தோள்பட்டை வலிக்கிறது என்றதும் மருமகள் பாவம், அன்போடு, வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். பேட்ச் ஒட்டியிருந்ததும் அந்தத் தோளில்தான். சூடு பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து குளத்து மருந்தை வாரிக்கொண்டு போய்விடும். சாயங்காலம் நாங்கள் போனபோது பெரியம்மா உலுக்கினாலும் கண் திறக்கவில்லை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு. 108-ஐக் கூப்பிட்டு, பேட்சை எடுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு மூச்சு விடச்சொல்லிக்கொண்டே இருந்தோம். மருத்துவமனையில், ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி போட்டதும் சினிமாவில் வருகிற மாதிரி கண் விழித்தார். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போகலாமா என்று பார்த்தபோது நர்ஸ் விடவில்லை. அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் பெரியம்மா மறுபடியும் சரிந்தார், ஏனென்றால் நலாக்ஸோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரைதான் தாங்கும், குளம் அப்படியே இருக்கிறது. மறுநாள் மதியம் வரை சொட்டு சொட்டாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

வெந்நீர்ப் பை மட்டும் இல்லை. காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸ் போனால் இரத்தத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடலாம், ஆகவே பேட்ச் போட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் அது வெறும் காய்ச்சல் இல்லை, டாக்டருக்குப் போன் செய்யவேண்டிய விஷயம். சுடுதண்ணீர்க் குளியல், வெயிலில் கட்டில் போட்டுப் படுக்கவைப்பது, எல்லாம் இதில் சேர்த்தி. நம் ஊருக்கே உரிய இன்னொரு பிரச்சினை எண்ணெய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தினமும் முதுகில் எண்ணெய் தடவுவோம், அந்த முதுகில் பேட்ச் ஒட்டாது, ஓரம் கிளம்பி, எங்கோ பாயில் விழுந்துவிடும். வலிக்கும் இடத்தில்தான் ஒட்டவேண்டும் என்று நினைத்து இடுப்பில் ஒட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது தைலப் பிளாஸ்திரி இல்லை, எங்கே ஒட்டினாலும் இரத்தம் வழியாகத்தான் போகிறது. மார்பிலோ மேல்கையிலோ, முடி இருந்தால் கத்தரித்து (சவரம் வேண்டாம், கீறல் விழும்), வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்தவேண்டும். அடுத்தது வேறு இடத்தில். பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவது சர்வசாதாரணமாக நடக்கிற தப்பு. தேதியும் நேரமும் பேட்ச் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பாதியாக வெட்டி ஒட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

மற்ற மருந்துகளோடு மோதலும் உண்டு. வாயில் வெள்ளை படர்ந்தால் எழுதும் ஃபுளுகோனசோல், சில ஆன்டிபயாடிக்குகள், இவை ஃபென்டனில் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து அளவைக் கூட்டிவிடும். எல்லா ஓபியாய்டோடும் ஆகாதவை தூக்க மாத்திரையும் சாராயமும். "வலிக்கு ஒரு கட்டிங் போட்டா நல்லா தூங்குவார்" என்று மருந்தோடு சேர்த்து ஊற்றிக் கொடுத்த வீடும் எனக்குத் தெரியும்.

முக்கியமாக, பேட்ச் போட்டாலும் மார்ஃபினிலிருந்து தப்பிக்க முடியாது. நடுவில் திடீரென்று கிளம்பும் வலிக்கு, முடிந்தவர்களுக்கு, மார்ஃபின் மாத்திரையைத்தான் கூடவே கொடுப்பார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

செலவு? மார்ஃபின் மாத்திரை ஒன்று சில ரூபாய். பேட்ச் ஒன்று நூற்றுக்கணக்கில், மாதத்துக்குப் பத்து வேண்டும். அரசு மருத்துவமனையில் மார்ஃபின் இலவசமாகக் கிடைக்கிற இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் சேர்ந்திருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று இன்னும் இரண்டு பேர் காதில் விழலாம். மெத்தடோன் மலிவு, நரம்பு வலிக்கு நல்லது, ஆனால் ஆளுக்கு ஆள் உடம்பில் தங்கும் நேரம் அவ்வளவு மாறும், இதயத் துடிப்பையும் பார்க்கவேண்டும், அதனால் அனுபவமுள்ளவர் கையில் மட்டும். புப்ரெனார்ஃபின் பேட்ச் ஏழு நாளைக்கு ஒன்று, வீரியம் மிதமான அளவில் வருகிறது, வலி ரொம்பக் கடுமை இல்லாத வயதானவர்களுக்குச் சில டாக்டர்கள் எழுதுகிறார்கள். பேட்ச் பேட்ச் என்று ஒரே பேரில் பேசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், உறையில் மருந்தின் பேரைப் படியுங்கள்.

ஆக நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? வாயால் விழுங்க முடிகிறது, சிறுநீரகம் சரி, வலி இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றால் மார்ஃபின், யோசனையே வேண்டாம். விழுங்க முடியவில்லை, வாந்தி நிற்கவில்லை, குடல் அடைத்திருக்கிறது, அல்லது சிறுநீரகம் போய்விட்டது, ஆனால் வலி ஒரு அளவில் நிலைத்திருக்கிறது, மார்ஃபினில் எவ்வளவு தேவை என்று ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்றால் பேட்ச். வீட்டில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், தவழும் குழந்தைகள் இல்லாத அறை, இவையும் என் கணக்கில் பேட்சுக்கான தகுதிகள்தான். ஆள் எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தால் பேட்ச் சரியாக உறிஞ்சப்படாமல் வலி தணியாமலும் போகலாம். டிரமடால், நடுத்தர வலிக்கோ, மார்ஃபின் கிடைக்கும் ஊருக்குப் போய்ச் சேரும் வரைக்கோ. எந்த மருந்தானாலும், தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், சுருங்கின கண்மணி, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு, இவற்றைப் பார்த்தால் அடுத்த வேளை மருந்து கிடையாது, உடனே 108. நோயின் கடைசி நாட்களில் மூச்சு தானாகவே மாறும் என்பதும் உண்மை, அப்போது என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது, நடுராத்திரியில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை அது.

குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. கழற்றிய பேட்சிலும் நிறைய மருந்து மிச்சம் இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் சொன்ன கணக்கு: பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகள் தவறுதலாகப் பேட்சைத் தொட்டோ வாயில் வைத்தோ பாதிக்கப்பட்டதாக வந்த 26 புகார்களில் 10 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அந்த 26 பேரில் பெரும்பாலோர் இரண்டு வயதோ அதற்கும் கீழேயோ. பொட்டு ஒட்டி விளையாடுகிற வயசு. கழற்றியதும் ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து ஒட்டிவிட்டு, மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, அடுத்த முறை போகும்போது மருத்துவமனையிலேயே கொடுத்துவிடலாம், அங்கே வாங்கிக்கொள்ளவில்லை என்றால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், குப்பைத்தொட்டியில் மட்டும் வேண்டாம். உங்கள் கையில் பட்டுவிட்டால் பதற வேண்டாம், தொட்டதுமே ஏறிவிடாது, சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

அப்பா மார்ஃபினில் பதினோரு மாதம் இருந்தார். மாமா சொன்னதற்கு மாறாக, இரண்டாவது வாரமே எழுந்து திண்ணைக்கு வந்து பேப்பர் படித்தார். மாத்திரை நேரத்தை ஒரு பழைய டைரியில் அவரே குறித்துக்கொண்டார், கடைசி மூன்று வாரம் மட்டும் அது என் கையெழுத்தில் இருக்கிறது. காரியம் முடிந்து நாலு நாள் கழித்து மிச்சம் இருந்த 34 மாத்திரைகளை அதே பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணிப் பேரேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். கூட மாமாவும் வந்திருந்தார். வெளியே பெஞ்சில் யாரோ ஒரு பெண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கடைசியில குடுக்கறதாமே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார், மாமா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.